மருந்து அறையும் மங்கம்மாள் அரண்மனையும்

மின்சாரமே இல்லாத கட்டடத்தில் பகல் முழுக்க எப்படி வேலை பார்ப்பது என்று எங்கள் நாரணாபுரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவகாசியைச் சுற்றிக் கரிசல் காட்டில் தள்ளித் தள்ளி நிற்கும் பட்டாசு ஆபீஸ் அறைகள் அப்படித்தான் கட்டப்படுகின்றன. வெடிமருந்து புழங்கும் அறைக்குள் பல்பு கிடையாது, ஃபேன் கிடையாது, சுவிட்சும் கிடையாது. சின்னப் பொறி ஒன்று போதும், உயிர்கள் போய்விடும். ஆகவே வெளிச்சத்தைச் சூரியனிடமும் காற்றைக் கதவுகளிடமும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். எதிரெதிர் வாசல்கள், வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவுகள், அறைக்கும் அறைக்கும் நடுவே சட்டம் கேட்கும் இடைவெளி, சுவர் முழுக்க வெள்ளை. கட்டுகிறவன் கையில் இருப்பது இவ்வளவுதான்.

என் அப்பா கொத்தனார். இந்த அறைகளைக் கட்டித்தான் எங்களைப் படிக்க வைத்தார். கூரை போட்டு முடித்த அன்று, சரவெடி பின்னுகிற நூலில் ஒரு முழம் வெட்டி வாசல் நிலையின் மேல்சட்டத்தில் கட்டித் தொங்கவிடுவார். எதிரே குத்தவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். நூல் ஆடினால் எழுந்துபோய்க் கை கழுவுவார். ஆடவில்லையென்றால் மறுநாள் எதிர்ச்சுவரில் ஓர் இடம் உடையும். போர்மேன் சத்தம் போட்டாலும் சரி, முதலாளி கணக்குக் கேட்டாலும் சரி, அதில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அருங்காட்சியகம் பற்றி எழுத வந்தவன் பட்டாசு அறையில் ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பழைய அருங்காட்சியகக் கட்டடங்களோடு புதுக் கட்டடம் சேர்க்கும் வேலை இப்போது பல ஊர்களில் நடக்கிறது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற நவீனக் கட்டடம் என்று அறிவிப்பும் வைக்கிறார்கள். அந்த வேலை எங்கே சரியாக வருகிறது, எங்கே தவறிப்போகிறது என்பதை நான் அப்பாவின் கண்ணால்தான் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த பார்வை அது ஒன்றுதான்.

1970களின் நடுவில் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை மதுரைக்குச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனார்கள். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மஹால், கடைசியாகத் தமுக்கத்தில் காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனையாக இருந்த கட்டடம் அது. கலெக்டர்களின் குடியிருப்பாகவும் இருந்து, பிறகு காந்தி நினைவுக்கென்று கொடுக்கப்பட்டு, 1959 ஏப்ரல் 15 அன்று நேரு வந்து திறந்துவைத்தார். காந்தி சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கேதான் இருக்கிறது. வெளியே மதுரை வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் கழுத்து வேர்வை அடங்கியது. கனத்த சுண்ணாம்புச் சுவர், வளைவு வளைவாக வாசல்கள், சுற்றிலும் நிழல் தரும் தாழ்வாரம். அந்தத் துணிக்கு முன்னால் நாங்கள் வாய்மூடி நின்றோம்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்.

“என்னடா பாத்த?”

“காந்தி வேட்டிப்பா. ரத்தம் அப்படியே இருக்கு.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கட்டடம் எப்படி?” என்றார்.

“குளுகுளுன்னு இருந்துச்சுப்பா.”

“எத்தன வாசல், எண்ணுனியா?”

“இல்லப்பா.”

“காத்து வந்தா மட்டும் பத்தாதுடா. போறதுக்கும் வழி வேணும். மங்கம்மா கொத்தனாருக்கு அது தெரிஞ்சிருக்கு.”

அப்பா அந்த அரண்மனைக்குள் கால் வைத்ததில்லை. ஆனாலும் அந்தச் சுவர் எதனால் ஆனது, கூரை எப்படிப் போட்டிருப்பார்கள் என்று அன்றைக்குச் சோறு ஆறுகிற வரைக்கும் சொன்னார். பழைய முறைச் சுண்ணாம்பு வேலையை அவர் தன் மாமனிடம் கற்றிருந்தார். நீற்றிய சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறப்போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைப்பது. தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக, கோணவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து இறுக்குவது. கடைசியில் தட்டோடு. மெட்ராஸ் டெரஸ் என்று ஊரெங்கும் பேர் பெற்ற கூரை இது. காலை வெயில் அந்தக் கனத்துக்குள் இறங்கி உள்பக்கம் எட்டிப் பார்ப்பதற்குள் சாயங்காலமாகிவிடும். ராத்திரிக் காற்று பட்டதும் வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடும். கான்கிரீட் கூரை நாலு மணிக்கே உச்சந்தலையில் கொதிக்கிறதே, அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சுண்ணாம்பிலும் கனத்திலும் கூரையின் உயரத்திலும் இருக்கிறது.

1981-ல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தபோது அதே வளாகத்துக்குள் அரசு அருங்காட்சியகமும் வந்தது. பழைய அரண்மனையை இடிக்கவோ அதன் தலைமேல் ஏற்றிக் கட்டவோ இல்லை. பக்கத்தில் தனியாக நின்றது. சேர்க்கிற கட்டடம் பழையதைத் தொடாமல் நிற்பதே பாதி நல்ல காரியம்.

நான் வாத்தியாராகி, பிள்ளைகளை நானே சுற்றுலா கூட்டிப்போகும் காலம் வந்தது. சிவகாசியில் பொதிகை ரயில் ஏறினால் விடிகிற நேரத்தில் சென்னை எழும்பூர். பல் விளக்கி இட்லி தின்றுவிட்டு நடந்தே அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம். அதை ஒரே கட்டடம் என்று நினைத்துப் போகிற பிள்ளைகள் உள்ளே போனதும் திகைத்துவிடுவார்கள். 1851-ல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கி, 1854-ல் எழும்பூர் பாந்தியன் மாளிகைக்கு வந்த அருங்காட்சியகம் அது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர். அதன்பிறகு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு துண்டு சேர்த்திருக்கிறது. 1896-ல் கன்னிமாரா நூலகமும் மியூசியம் தியேட்டரும். 1909-ல் ஹென்றி இர்வின் வரைந்த விக்டோரியா நினைவு மண்டபம். இன்று அதுதான் தேசியக் கலைக்கூடம். 1970களில் நூலகத்துக்குப் புதுக் கட்டடம். 1984-ல் தற்காலக் கலைக்கூடம், 1988-ல் சிறுவர் அருங்காட்சியகம். பழைய அருங்காட்சியகத்தோடு புதுக் கட்டடம் சேர்ப்பது சரியா என்று கேட்பவர்களுக்கு அந்த வளாகமே பதில். சேர்க்கலாம். எதற்காகச் சேர்க்கிறோம், எப்படிச் சேர்க்கிறோம் என்பதுதான் கேள்வி.

நல்ல எண்ணத்தோடு செய்த வேலையே பொருளைக் கெடுத்துவிடும் என்பதற்கும் எழும்பூரிலேயே சான்று இருக்கிறது. அமராவதி ஸ்தூபியின் சுண்ணக்கல் சிற்பங்களை 1880களில் சிமெண்ட் வைத்துச் சுவரோடு சுவராகப் பதித்துவிட்டார்கள். பத்திரமாக இருக்கும் என்றுதான் செய்தார்கள். ஆனால் சிமெண்ட் ஈரத்தைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்தோடு உப்பும் கல்லுக்குள் ஏறும். காய்கிறபோது உப்பு பூத்துக் கல்லின் தோல் உதிரும். பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்து தப்பித்த சிற்பம், காப்பாற்றக் கட்டிய சுவரில் நலிந்தது. பழைய சுண்ணாம்புக் கட்டடத்தின் மீது சிமெண்ட் பூசும் ஒவ்வொரு பொறியாளரும் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு கரணையைத் தொட வேண்டும்.

அதே எழும்பூரில் 1930-ல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் அமைந்தது. அங்கே வேதியியலாளர் பரமசிவன் மின்பகுப்பு முறையில் செப்புத் திருமேனிகளைச் சுத்தம் செய்து காப்பாற்றும் வேலையைத் தொடங்கிவைத்தார். மண்ணிலிருந்து எடுத்த செம்பிலும் வெண்கலத்திலும் குளோரைடு உப்பு ஒட்டியிருக்கும். காற்றில் ஈரம் கூடினால் அது விழித்துக்கொண்டு, இளம்பச்சைப் பொடியாக வெளியே வந்து உலோகத்தைத் தின்ன ஆரம்பிக்கும். வெண்கல நோய் என்பார்கள். திருவெண்காட்டு அர்த்தநாரிக்கும் திருவாலங்காட்டு நடராசருக்கும் அந்த நோய் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் குளிரூட்டலும் ஈரம் நீக்கலும் வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க நான் சிரமப்பட்டதே இல்லை. நாரணாபுரத்துப் பிள்ளைகளுக்கு ஈரம் எதிரி என்பது பிறந்ததிலிருந்தே தெரியும். ஐப்பசி மழையில் மருந்து நமுத்துப்போனால் வீட்டில் என்ன நடக்கும் என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

இங்கேதான் என் வழக்கு. ஈரத்துக்கு அஞ்சுகிற பொருள் ஒரு கூடத்தில் பத்து இருக்கும். அதற்காகக் கட்டடம் முழுவதையும் குளிர்ப்பெட்டி ஆக்குகிறார்கள். கருங்கல் சிற்பத்துக்கு ஏசி எதற்கு? சுடுமண் பானைக்கு எதற்கு? நடுகல்லுக்கு எதற்கு? நூற்றாண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்ற கல் அது.

சில வருஷங்களுக்கு முன் தென்மாவட்டத்தில் ஒரு பழைய அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். புதுக் கட்டடம் ஒன்றை ஒட்டிச் சேர்த்திருந்தார்கள். முகப்பு முழுக்கக் கண்ணாடி, அதுவும் மேற்கே பார்த்து. மூன்று மணிக்கெல்லாம் வெயில் தாங்காமல் உள்ளே கனத்த திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடியை மூடிவிட்டு, பகலில் நாற்பது விளக்கு எரிந்தது. ஏசியின் வெளிப்பெட்டிகள் வரிசையாகப் பழைய தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தன. புதுக் கட்டடத்தின் அனலையெல்லாம் பழைய கட்டடத்தின் வாயில் ஊதின. அவற்றின் தண்ணீர்க் குழாய் ஒன்று பழைய சுவரடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு உப்பி, அதை மறைக்க யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். சிமெண்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சுவர் மறுபடி பூத்திருந்தது. விரலால் தொட்டேன். மாவாக உதிர்ந்தது. பழைய கூடத்தின் உச்சியில் சூடு வெளியேறுவதற்காக வைத்திருந்த சின்னச் சன்னல்களை ஃபால்ஸ் சீலிங் போட்டு அடைத்துவிட்டார்கள்.

காவலாளி என் வயசுக்காரர். எந்தப் பக்கம் நின்றால் ஏசி வரும் என்று பார்வையாளர்களுக்கு அவர்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

“நீங்க மத்தியானம் எங்க உக்காருவீங்க அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“பழைய வராந்தாவுலதான் சார் உக்காந்துட்டிருந்தேன். இப்ப அங்கயும் அனலடிக்குது. வேப்ப மரத்தடிக்குப் போயிட்டேன்.”

அங்கே பணத்துக்குக் குறைவில்லை. வேலை பார்த்தவர்கள் கெட்டவர்களும் இல்லை. பழைய கட்டடம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமலே அதன் பக்கத்தில் கட்டியிருக்கிறார்கள். என்னால் ஏற்றுக்கொள்ள முடியாதது அதுதான்.

அகமதாபாத் சபர்மதி ஆசிரமத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று இருக்கிறது. காந்தி வாழ்ந்த இருதயகுஞ்சம் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அருங்காட்சியகம் சேர்க்க வேண்டும் என்றபோது இளைஞரான சார்லஸ் கொரியாவிடம் வேலையைக் கொடுத்தார்கள். ஆறு மீட்டர் சதுர அறைகள். செங்கல் தூண், ஓட்டுக் கூரை, கல் தரை. சில அறைகளுக்குச் சுவர், சிலவற்றுக்கு வெறும் கூரை, நடுவே தண்ணீர் நிறைந்த முற்றம். சன்னல்களில் கண்ணாடி கிடையாது. திருப்பி மூடித் திறக்கும் மரச்சட்டங்கள் மட்டும். 1963-ல் அதையும் நேருதான் திறந்தார். தமுக்கத்தில் அவர் காந்தி அருங்காட்சியகத்தைத் திறந்து நாலு வருஷம் கழித்து. ஒன்று பழைய அரண்மனை, மற்றது புத்தம்புதுக் கட்டடம். இரண்டும் வெயிலை வெல்லும் வழி ஒன்றேதான். ‘எரிசக்திச் சிக்கனம்’ என்ற பேச்சே அப்போது எழவில்லை.

வெளிநாட்டிலும் இது புரிந்துவருகிறது. அகமதாபாத் ஐ.ஐ.எம். கட்டடத்தை வரைந்த லூயி கான், அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த்தில் 1972-ல் கிம்பெல் அருங்காட்சியகத்தைக் கட்டினார். 2013-ல் ரென்சோ பியானோ அதனருகே சேர்த்த புதுக் கட்டடம், பழையதில் பாதி எரிசக்தியில் நடக்கும்படி திட்டமிடப்பட்டது. பெரும்பகுதி மண்ணுக்குள், கூரையில் வெயிலைத் தடுக்கும் தகடுகளே சூரிய மின்சாரமும் தருகின்றன. மும்பையில் 1872-ல் திறந்த பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்துக்கு வடக்குப் புறத்தில் சேர்க்க ஸ்டீவன் ஹால் வரைந்த திட்டம் 2014-ல் தேர்வானது. குளத்துக்குள் சூரிய மின்கலங்கள் என்பது அதன் யோசனை. அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

இதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று பொறுப்பாளர்களின் மனதில் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் எந்தப் பொருளானாலும் இருபது டிகிரியை ஒட்டிய வெப்பம், ஐம்பது சதவீத ஈரப்பதம், அதிலிருந்து இம்மி நகரக்கூடாது என்பார்கள். குளிர்நாட்டு விதி அது. பத்தாண்டுக்கு முன் உலகின் பெரிய அருங்காட்சியக இயக்குநர்கள் கூடும் பிசோ குழு இந்த விதியைத் தளர்த்தியது. பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 டிகிரி வரை, 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் வரை போகலாம். திடீரென்று ஏறி இறங்காமல் இருந்தால் போதும் என்றது. ரொம்பவும் நோகும் பொருளுக்கு மட்டும் தனிக் கவனம். அந்தத் தனிக் கவனத்தையும் கூடம் முழுக்கக் கொடுக்கத் தேவையில்லை. காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிகா ஜெல் வைத்தால் பெட்டிக்குள்ளேயே ஈரம் அடங்கும். துணிக்கும் ஓலைச்சுவடிக்கும் 50 லக்ஸ் வெளிச்சம் போதும். எல்இடி விளக்கில் அதைக் கொடுக்கும்போது சூடும் குறைவு, புற ஊதாக் கதிரும் கிட்டத்தட்ட இல்லை.

ஆகவே பழைய கட்டடத்தைக் கல்லுக்கும் மண்ணுக்கும் மனிதருக்கும் விட்டுவிடுங்கள். அடைத்த சன்னல்களைத் திறங்கள். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே பூசுங்கள். உலோகமும் துணியும் சுவடியும் ஓவியமும் இருக்கத்தான் புதுக் கட்டடம் வேண்டும். அது சின்னதாக, கனத்த சுவரோடு, மேற்கே முதுகைக் காட்டி நிற்கட்டும். சூரியத் தகடுகள் பழைய சுண்ணாம்புக் கூரைமேல் ஏறக்கூடாது. புதுக் கூரை அந்தப் பாரத்தைத் தாங்கட்டும். அருங்காட்சியகம் திறந்திருப்பது பகலில், மின்சாரம் வருவதும் பகலில். இந்தப் பொருத்தம் வீடுகளுக்குக்கூட வாய்க்காது. ராத்திரி முழுக்கக் குளிர் வேண்டிய அறை சின்னதாக இருந்தால் ராத்திரிச் செலவும் சின்னது.

சென்னைக்கு எழுதும் திட்டத்தை அப்படியே விருதுநகர் மாவட்டத்துக்கு எழுதவும் கூடாது. சென்னைக்குக் கடற்காற்று, அங்கே சண்டை ஈரத்தோடு. எங்களுக்குக் காய்ந்த கரிசல். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து சிவகாசியில் வேரூன்ற வைத்ததற்கு இந்த வறண்ட வானிலையும் துணை நின்றது. வடகிழக்கு மழை மாதங்களை விட்டால் ஈரம் நீக்கும் எந்திரத்துக்கு இங்கே பெரிய வேலை இல்லை. பகல் எவ்வளவு காய்ந்தாலும் ராத்திரி சூடு இறங்கிவிடும். அந்த ராத்திரிக் காற்றைக் கட்டடத்துக்குள் விட்டாலே போதும். ஆனால் கரிசலுக்கு வேறொரு குணம் உண்டு. மழையில் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். பழைய கட்டடத்தின் அஸ்திவாரத்தை ஒட்டிப் புதிதாகத் தோண்டினால் பழைய சுவர் விரியும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு, தனித்தனி அஸ்திவாரத்தில் நிறுத்தி, மேலே நிழல் கூரையால் மட்டும் இணைக்க வேண்டும்.

இதெல்லாம் எங்கள் ஊருக்குத் தூரத்து விஷயம் இல்லை. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரையில், 2022 மார்ச்சில் அகழாய்வு தொடங்கியது. மூன்று கட்டங்களில் ஆயிரக்கணக்கில் பொருள்கள் வந்திருக்கின்றன. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை, பகடைக்காய், சூதுபவளம், பொன்னணி. பெரும்பாலானவை கரிசல் வெயிலை அறிந்த பொருள்கள்; பெட்டிக்குள் போக வேண்டியவை உலோகத் துண்டுகள் மட்டும்தான். 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் எழுப்பினார்கள். நல்ல தொடக்கம். எங்கள் பக்கத்துப் பொருள்களுக்கும் அப்படி ஒரு வீடு எழ வேண்டும். பழைய கட்டடம் எதையாவது எடுத்துச் சேர்த்துக் கட்டினால் இன்னும் நல்லது. நிற்கிற கட்டடத்தைப் பயன்படுத்தினால் அவ்வளவு சிமெண்ட் மிச்சம். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது.

அரசுக்கும் பொதுப்பணித் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டடத்துக்கு எத்தனை டன் ஏசி என்று ஒப்பந்தப்புள்ளியில் எழுதுவதற்கு முன்னால், சிவகாசிப் பக்கம் பட்டாசு அறை கட்டுகிற கொத்தனார்கள் நாலு பேரையும், பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர்கள் யாராவது மிஞ்சியிருந்தால் அவர்களையும், வரைபடத்துக்கு முன்னால் உட்கார வையுங்கள். காற்று எந்தப் பக்கம் வரும், எந்தப் பக்கம் போகும் என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கைகள் எங்கள் ஊரில் குறைந்துகொண்டே வருகின்றன. கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.